சஸ்காச்சுவான்: நாலு கோடும் கோதுமையும் மட்டும்தானா?

குமரன், ஜனவரி 9

கனடாவின் புல்வெளி மாகாணங்கள் மூன்றைப் பற்றியும் படித்துக்கொண்டு வருகிறேன். ஆல்பர்ட்டாவுக்கு எண்ணெயும் மலையும் இருக்கிறது. மானிட்டோபாவுக்கு ஹட்சன் விரிகுடாக் கரை இருக்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட சஸ்காச்சுவானுக்கு வரைபடத்தில் நாலு நேர்கோடு, தரையில் கோதுமை. மாகாணச் சின்னத்தில்கூட மூன்று கோதுமைக் கட்டுதான். இதைத் தாண்டி அங்கே என்ன இருக்கிறது?

வடதிசை, ஜனவரி 9

முதலில் கோடு. நாலில் மூன்றுதான் நேர். தெற்கே 49°, வடக்கே 60°, மேற்கே 110°. கிழக்கு எல்லையைப் பெரிதாக்கிப் பாருங்கள். தெற்கில் பல நூறு கிலோமீட்டருக்கு அது நேராகப் போகாமல், கொஞ்ச தூரம் வடக்கே போய் மேற்கே ஒரு சின்ன நகர்வு, மறுபடி வடக்கே போய் இன்னொரு நகர்வு என்று படிப்படியாக ஏறும். ஆறோ மலையோ கடலோ எந்தப் பக்கத்திலும் எல்லையாக இல்லாத ஒரே கனேடிய மாகாணம் இதுதான். எல்லை முழுக்க நில அளவைக்காரன் போட்டது. கிழக்கில் இருக்கும் அந்தப் படிகளும் அவன் கணக்கில் வந்தவைதான்.

அடுத்தது கோதுமை. பயிர் நிலம் தெற்கே மட்டும்தான். மாகாணத்தில் பாதிக்கு மேல் காடு. வடக்கே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கனேடியக் கவசம் எனும் மிகப் பழைய பாறைத் தரை. ஏரி, பாசி, கறுப்பு ஸ்ப்ரூஸ் மரம். அதபாஸ்கா ஏரியின் தென்கரையில் மணல்மேடுகள்கூட உண்டு. தென்மேற்கு மூலையில் சைப்ரஸ் குன்றுகள் 1,392 மீட்டர் உயரம். பனியுகத்தில் சுற்றியிருந்த எல்லாம் பனிப்பாளத்துக்குள் போனபோது அந்த உச்சி மட்டும் வெளியே நின்றது.

சஸ்காச்சுவானைப் புரிந்துகொள்ள இரண்டு கேள்வி போதும் என்பது என் கட்சி. மேலே கோடு போட்டது யார்? கீழே கிடப்பது யாருக்குச் சொந்தம்? மற்ற வரலாறு எல்லாம் இந்த இரண்டிலிருந்துதான் கிளம்புகிறது.

வடதிசை, ஜனவரி 10

கோட்டுக் கணக்கை எழுதிவிடுகிறேன். இது தெரியாமல் அந்த ஊர்ப் பத்திரம் ஒன்றையும் படிக்க முடியாது.

1871-இல் டொமினியன் நில அளவை, அதாவது கனடா மத்திய அரசின் நில அளவை, தொடங்கியது. அடிப்படை அலகு டவுன்ஷிப்: 6 மைலுக்கு 6 மைல். அதற்குள் 36 செக்‌ஷன், ஒவ்வொன்றும் ஒரு சதுர மைல், 640 ஏக்கர். செக்‌ஷனை நாலாக வெட்டினால் குவார்ட்டர், 160 ஏக்கர். குடியேறியவருக்குக் கொடுத்தது இந்தக் குவார்ட்டரைத்தான். கட்டணம் 10 டாலர். மூன்று வருடம் அங்கே குடியிருந்து, நிலத்தை உழுது, வீடு கட்டிக் காட்டினால் பட்டா.

இப்போது ஒரு முகவரி: NE-14-32-9-W3 என்று ஆங்கில எழுத்தில் இருப்பதைத் தமிழில் வாசித்தால், வடகிழக்குக் குவார்ட்டர், செக்‌ஷன் 14, டவுன்ஷிப் 32, ரேஞ்ச் 9, மூன்றாம் மெரிடியனுக்கு மேற்கே. வலமிருந்து இடமாகப் பிரித்தால் சுலபம்.

மூன்றாம் மெரிடியன், அதாவது அளவைக்கு ஆதாரமான மூன்றாவது தீர்க்கரேகை, 106° மேற்கு. ரேஞ்ச் என்பது அங்கிருந்து மேற்கே ஆறாறு மைலாக எண்ணுவது. ஒன்பதாவது ரேஞ்ச் 48-க்கும் 54-க்கும் இடைப்பட்ட மைல். டவுன்ஷிப் எண் அமெரிக்க எல்லையிலிருந்து வடக்கே எண்ணுவது. 32-ஆவது டவுன்ஷிப்பின் தென்விளிம்பு 31 × 6 = 186 மைல், வழியில் விட்ட சாலை ஒதுக்கீடுகளையும் சேர்த்தால் இன்னும் ஒரு மைலுக்குச் சற்று மேல். டவுன்ஷிப்புக்குள் செக்‌ஷன் 1 தென்கிழக்கு மூலையில். அங்கிருந்து மேற்கே 6 வரை, அதற்கு மேல் வரிசையில் 7 மேற்கு ஓரத்தில் தொடங்கிக் கிழக்கே 12 வரை, அடுத்தது மறுபடி மேற்கே. ஏர் உழுகிற போக்குதான். செக்‌ஷன் 14 தெற்கிலிருந்து மூன்றாவது வரிசை, கிழக்கிலிருந்து இரண்டாவது கட்டம்.

இடறும் இடம் இதுதான்: இரண்டாவது வரிசையில் எண் திரும்புவதை மறந்து 7-ஐக் கிழக்கே தேடினால் ஐந்து மைல் தள்ளி வேறொருவர் வயலில் நிற்பீர்கள்.

குமரன், ஜனவரி 10

கிழக்கு எல்லையில் படி ஏன் வந்தது என்று இன்னும் சொல்லவில்லையே.

வடதிசை, ஜனவரி 11

பூமி உருண்டை. தீர்க்கரேகைகள் வடக்கே போகப் போக நெருங்கும். ஆறு மைல் அகலக் கட்டத்தை அப்படியே வடக்கே நீட்டிக்கொண்டு போனால் அகலம் குறைந்துகொண்டே வரும். அதனால் 24 மைலுக்கு ஒரு அடிக்கோடு போட்டு, அதில் முழு ஆறு மைலாகப் புதிதாக அளந்தார்கள். அங்கிருந்து வடக்கே இரண்டு டவுன்ஷிப், தெற்கே இரண்டு டவுன்ஷிப். அடுத்த அடிக்கோட்டிலிருந்து தெற்கே இறங்கி வரும் கோடும் இதுவும் நடுவழியில் சந்திக்கும்போது ஒன்றோடொன்று பொருந்தாது. அந்த இடத்துக்குத் திருத்தக் கோடு என்று பெயர். கோட்டின் மேல் போட்ட சாலையும் அங்கே வெட்டி நகரும்.

மெரிடியனுக்குப் பக்கத்தில் இந்த நகர்வு சொற்பம். மேற்கே போகப் போகக் கூடி, அடுத்த மெரிடியனுக்குச் சற்று முன்னால் மிகப் பெரிதாக இருக்கும். கிராமத்து கிரிட் சாலையில் இரவில் வேகமாகப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது இதை. நேராகவே வந்த சாலை சட்டென்று முடிந்து எதிரே வயல் நிற்கும்.

கிழக்கு எல்லை முதல் மெரிடியனிலிருந்து எண்ணிய 29, 30-ஆம் ரேஞ்சுகளுக்கு இடைப்பட்ட கோட்டைப் பிடித்துப் போகிறது. மேற்கு எல்லையோ நாலாம் மெரிடியன் மேலேயே போகிறது. மெரிடியனில் திருத்தம் கிடையாது, ரேஞ்ச் கோட்டில் உண்டு. அதுதான் காரணம்.

வடதிசை, ஜனவரி 11, இரவு

ஒன்று விட்டுப்போனால் மேலே எழுதியது வெறும் கணக்காகிவிடும். இந்தச் சதுரக் கட்டம் காலி நிலத்தின் மேல் விழவில்லை.

பழங்குடிகளோடு அரசு செய்த ஒப்பந்தம் 4 கையெழுத்தானது 1874-இல், கபெல் கோட்டையில். ஒப்பந்தம் 6, 1876-இல் கார்ல்டன் கோட்டையில். கிரீ, சோட்டோ, அசினிபாய்ன் மக்களின் நிலம் அது. தெற்கு சஸ்காச்சுவான் ஆற்றங்கரையில் பழங்குடி, ஐரோப்பியக் கலப்பு வம்சத்தவரான மேட்டீ மக்கள் தங்கள் வழக்கப்படி நிலத்தை நீளக் கீற்றுகளாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஆற்றுமுகம், பின்னால் வயல், அதற்கும் பின்னால் வைக்கோல் நிலம். அதன் மேல் சதுரக் கட்டம் விழுந்தால் ஒரு வீட்டின் வயல் நாலு துண்டாகும், ஆற்றுமுகம் யாரோ ஒருவருக்குப் போகும். ஆற்றுக்கீற்றை ஒத்துக்கொள்ளுங்கள் என்று மனு மேல் மனு போனது. தலைநகர் ஒட்டாவாவிலிருந்து தெளிவான பதில் வரவில்லை.

1885 மார்ச் 26, டக் லேக்கில் மேட்டீக்களுக்கும் போலீஸுக்கும் இடையே துப்பாக்கி வெடித்தது. ஏப்ரல் 24 ஃபிஷ் கிரீக். மே 9 முதல் 12 வரை பட்டோஷ். கேப்ரியல் டுமோன் நடத்திய மேட்டீ படை தோற்றது. மேட்டீ தலைவர் லூயி ரியேலை நவம்பர் 16 அன்று ரெஜைனாவில் தூக்கிலிட்டார்கள். நவம்பர் 27 அன்று பேட்டில்ஃபோர்டில் எட்டு பழங்குடி ஆண்களை ஒரே மேடையில் தூக்கிலிட்டார்கள். ரியேல் பெயரைச் சொல்லி நிறுத்திக்கொள்ளும் வரலாறு பாதி வரலாறு.

பருப்புவயல், ஜனவரி 14

கோதுமை பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுக் கடையில் மைசூர்ப் பருப்பு என்று வாங்குவதில் கணிசமான பங்கு சஸ்காச்சுவானில் விளைந்தது. கனடாவின் மசூர் அநேகமாக முழுக்கவே இந்த மாகாணத்தில்தான் விளைகிறது. மஞ்சள் பட்டாணியும் இங்கிருந்து நிறைய வருகிறது. 2017 நவம்பரில் இந்தியா பட்டாணிக்கு 50% இறக்குமதி வரி போட்டபோது அடி நேராக இங்கே விழுந்தது.

எழுபதுகள் வரை இங்கே மசூர் பெயருக்குத்தான் இருந்தது. சஸ்காச்சுவான் பல்கலைக்கழகப் பயிர் மேம்பாட்டு மையம் 1971-இல் தொடங்கியது. ஆல் ஸ்லிங்கார்ட் அங்கே உருவாக்கிய லெய்ர்ட் ரகம் 1978-இல் வந்தது. அதற்குப் பின்தான் கோதுமை விவசாயிகள் பருப்புக்கு இறங்கினார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால் மசூருக்கு நல்ல மழை ஆகாது. ஈரம் நீடித்தால் செடி வளர்ந்துகொண்டே போகும், காய் பிடிக்காது. பூத்த பிறகு கொஞ்சம் வாட்டம் தட்டினால்தான் வளர்ச்சியை நிறுத்திக் காய்க்கும். அதனால் வறண்ட பழுப்பு மண், கரும்பழுப்பு மண் பகுதிதான் தோது. 1857-60 ஆய்வுப் பயணத்தில் ஜான் பாலிசர் விவசாயத்துக்கு ஆகாது என்று ஒதுக்கிய முக்கோணப் பகுதியில்தான் இன்று பருப்பு கொழிக்கிறது.

செய்முறை சுருக்கமாக: மே முதல் பாதியில் விதைப்பு. விதையோடு ரைசோபியம் (காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தரும் நுண்ணுயிர்) கட்டாயம். சதுர மீட்டருக்கு 130 செடி இலக்கு. விதைத்த கையோடு உருளை ஓட்டிக் கல்லையும் கட்டியையும் மண்ணுக்குள் அமுக்க வேண்டும். காய் தரையை ஒட்டித் தொங்குவதால் அறுவடைக் கத்தியை மண்ணோடு உரசுகிற மாதிரி இறக்க வேண்டியிருக்கும், அந்தக் கல் இயந்திரத்துக்குள் போனால் செலவு பெரிது. உருளையை முளைப்பதற்கு முன் ஓட்டலாம், அல்லது ஐந்தாறு கணு வந்த பின் ஓட்டலாம். முளை மண்ணை முட்டிக்கொண்டு வரும் அந்த நாட்களில் மட்டும் கூடாது.

பெரிய எதிரி அஃபனோமைசஸ் வேரழுகல். மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும். மருந்து அடித்துத் தீர்க்க வழியில்லை. வந்த வயலில் ஆறிலிருந்து எட்டு வருடம் மசூரும் பட்டாணியும் கூடாது. பட்டாணி போட்டால் என்ன என்று மாற்றுகிறவர்கள் அதே கிருமிக்குத்தான் தீனி போடுகிறார்கள்.

குமரன், ஜனவரி 14

உருளை ஓட்டும் விவரம் எதிர்பார்க்காதது. அப்படியானால் மாகாணச் சின்னத்தில் பருப்புச் செடி ஏன் இல்லை?

வடதிசை, ஜனவரி 15

கேடயம் 1906-இல் வந்தது, பருப்புக்கு எழுபது வருடம் முன்னால். மேலே சிவப்புச் சிங்கம், கீழே பச்சையில் மூன்று பொற்கட்டு. 1986-இல்தான் முழுச் சின்னமானது: உச்சியில் பீவர், இருபுறம் சிங்கமும் வெள்ளைவால் மானும், கீழே லத்தீன் வாசகம். பல இன மக்களால் வலிமை என்பது அதன் பொருள்.

கொடி 1969. மேலே பச்சை காடு, கீழே பொன் வயல், ஓரத்தில் செங்காந்தள் போல நிமிர்ந்து நிற்கும் மேற்கத்திய செந்நிற லில்லி. பச்சை மேலே வைத்தது வெறும் அழகுக்கு அல்ல, வடக்கே காடு தெற்கே வயல் என்ற புவியியலே கொடியில் இருக்கிறது. லில்லி 1941 முதல் மாகாண மலர்; பறிப்பதும் பிடுங்குவதும் சட்டப்படி குற்றம். இலைகள் எல்லாம் பூக்கிற அதே தண்டில்தான் இருக்கின்றன. பூவைத் தண்டோடு பறித்தால் கிழங்குக்கு அந்த வருடம் உணவே சேராது, செடியே போய்விடும். சட்டத்துக்குப் பின்னால் இருக்கும் காரணம் அதுதான்.

கூர்வால் கௌதாரி 1945, பேப்பர் பிர்ச் மரம் 1988, சஸ்கட்டூன் பெர்ரி 2005. எனக்குப் பிடித்தது 1996-இல் சேர்த்த கனிமம்: சில்வைட், அதாவது பொட்டாஷ் (பொட்டாசியம் குளோரைடு). மாகாணத்தின் உண்மையான முகம் அங்கேதான் இருக்கிறது.

வடதிசை, ஜனவரி 16

பொட்டாஷ் பற்றித் தனியாக.

உரக்கடையில் எம்.ஓ.பி. (மியூரியேட் ஆஃப் பொட்டாஷ்) மூட்டை வாங்கியவர்கள் பார்த்திருப்பீர்கள், சிலது செம்மண் நிறம், சிலது வெள்ளை. இந்தியாவில் போடும் எம்.ஓ.பி. அநேகமாக முழுக்க இறக்குமதி, அதில் ஒரு பங்கு சஸ்காச்சுவானுடையது. சிவப்பு வகையில் உப்புப் படிகத்துக்குள் துளி இரும்பு ஆக்சைடு சிக்கியிருக்கும். வெள்ளை, கரைத்து மறுபடி படிகமாக்கியது. இரண்டிலும் பொட்டாஷ் சத்து, K₂O கணக்கில், 60% சுற்றித்தான். 50 கிலோ மூட்டைக்கு 30 கிலோ. நிறத்துக்காக அதிகம் கொடுக்க வேண்டியதில்லை. சொட்டுநீரில் கரைத்து விடுகிறவர்களுக்கு மட்டும் வெள்ளை நல்லது, அடியில் கசடு தங்காது.

சுமார் 38 கோடி ஆண்டுகளுக்கு முன், டெவோனியன் காலத்தில், இங்கே ஆழமற்ற கடல் இருந்தது. அது வற்றி விட்டுப்போன உப்பு. சஸ்கட்டூன் பக்கம் ஒரு கிலோமீட்டர் ஆழம், பெல் பிளேனில் 1,600 மீட்டர், தெற்கே இன்னும் ஆழம். 1940-களில் எண்ணெய் தேடித் துளைத்தபோது தற்செயலாகத் தெரிந்தது.

தெரிந்தும் எடுக்க முடியவில்லை. நடுவில் பிளேர்மோர் என்று ஒரு மணல் அடுக்கு. நீர் நிறைந்தது, அழுத்தம் மிக அதிகம். சுரங்கக் குழி அதைத் தொட்டதும் மணலும் நீரும் சேர்ந்து பீறிட்டு உள்ளே வரும். யூனிட்டி ஊரில் தோண்டிய குழி வெள்ளத்தில் கைவிடப்பட்டது. பேஷன்ஸ் லேக் 1958-இல் உற்பத்தி தொடங்கி அடுத்த வருடமே கசிவால் மூடியது, 1965-இல்தான் திறந்தது. எஸ்டர்ஹேசியில் 1957-இல் தொடங்கி 1962-இல் பொட்டாஷைத் தொட்டார்கள். குழியைச் சுற்றி வட்டமாகக் குழாய் இறக்கி, உறைநிலைக்கும் கீழே குளிர்வித்த உப்புநீரை மாதக்கணக்கில் ஓட்டி, மணலையே பனிக்கட்டிச் சுவராக்கினார்கள். அதன் நடுவே தோண்டி, வார்ப்பிரும்பு வளையங்களைப் போல்ட் போட்டு முடுக்கி, இடைவெளியில் ஈயம் வைத்து அடைத்தார்கள். உறைந்த மண் மறுபடி இளகும்போது அந்த வளையம்தான் தாங்க வேண்டும்.

வடதிசை, ஜனவரி 17

நேற்று குழியோடு நின்றது. தாது மேலே வந்த பிறகு நடப்பது.

தாதுவில் பொட்டாசியம் குளோரைடு மூன்றில் ஒன்றுக்கும் பாதிக்கும் இடையில். மீதி சாதாரண உப்பு, கொஞ்சம் களிமண். இரண்டு உப்பையும் நீரில் கழுவிப் பிரிக்க முடியாது, இரண்டும் கரைந்துவிடும். அதனால் ஆலை முழுக்க ஏற்கெனவே உப்பால் நிரம்பிய கரைசலில் ஓடுகிறது. பொடித்து, தேய்த்துக் கழுவி, முதலில் களியை நீக்குவார்கள். பிறகு அமீன் வகை ரசாயனம். அது சில்வைட்டின் மேல் மட்டும் ஒட்டும். காற்றுக் குமிழி விட்டால் சில்வைட் மிதக்கும், உப்பு அடியில் தங்கும். களி சரியாகப் போகாவிட்டால் அமீன் முழுவதையும் களியே உறிஞ்சிக்கொள்ளும், சில்வைட் மிதக்காது, கழிவோடு போய்விடும். செலவு கையை மீறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஒதுக்கிய உப்பு சுரங்கத்துக்குப் பக்கத்தில் வெள்ளை மலையாகக் குவிந்து நிற்கும்.

1,100 மீட்டருக்குக் கீழே போனால் உப்பு அழுத்தத்தில் நகர்ந்து சுரங்கத்தை மூடப் பார்க்கும். அதனால் பெல் பிளேனில் 1964 முதல் ஆள் இறங்காத சுரங்கம்: குழாயில் சூடான நீரை விட்டு, கரைத்து, மேலே எடுத்து, ஆவியாக்கிப் படிகமாக்குவது. உலகில் இந்த வகையில் முதல் பொட்டாஷ் சுரங்கம் அது. கரைப்பு மேல்நோக்கிப் போய்க் கூரையைத் தின்றுவிடாமல் இருக்க நீரின் மேல் எண்ணெய்ப் படலம் ஒன்றை மிதக்க விடுவார்கள். படலத்தைக் கட்டம் கட்டமாக உயர்த்தினால் குகை வேண்டிய அளவுக்கு மட்டும் மேலே வளரும். ஒரு குகை முதிர்ந்ததும் நன்னீருக்குப் பதில் சாதாரண உப்பு நிரம்பிய கரைசலை விடுவார்கள். அதற்கு உப்பைக் கரைக்க இடமில்லை, பொட்டாசியத்தை மட்டும் எடுத்து வரும்.

நீர் தாராளமாகக் கிடைப்பதுபோலப் பேசினாலும் சுரங்கக்காரனுக்குப் பெரிய பயம் நீர்தான். எஸ்டர்ஹேசியில் 1985-இல் தொடங்கிய உப்புநீர்க் கசிவை முப்பது வருடத்துக்கு மேல் இறைத்துப் போராடினார்கள். 2021-இல் அந்தப் பழைய குழிகளை மூடிப் புதிய குழிக்கு மாறியதும்தான் தீர்ந்தது. பேஷன்ஸ் லேக்கில் 1987-இல் வெள்ளம் வென்றது. வெள்ளத்தையே பயன்படுத்திக் கரைசல் சுரங்கமாக மாற்றிக்கொண்டார்கள்.

குமரன், ஜனவரி 19

இரண்டாவது கேள்விக்கு வாருங்கள். கீழே கிடப்பது யாருக்குச் சொந்தம்?

வடதிசை, ஜனவரி 20

1905 செப்டம்பர் 1 அன்று மாகாணம் பிறந்தது. அப்போதைய வடமேற்குப் பிரதேச முதல்வர் ஹால்டெய்ன் ஒரே பெரிய மாகாணம் கேட்டார், கனடாப் பிரதமர் லோரியேயின் அரசு சஸ்காச்சுவான், ஆல்பர்ட்டா என இரண்டாகப் பிரித்தது. நிலமும் கனிமமும் மட்டும் ஒட்டாவா வைத்துக்கொண்டது, அதற்கு ஈடாக மானியம். கிழக்கே பழைய மாகாணங்களுக்கு இருந்த உரிமை சஸ்காச்சுவானுக்கு 25 வருடம் கிடையாது. 1930-இல் கொடுத்தார்கள், கோதுமை விலை சரிந்து வறட்சிப் புழுதிக்காலம் தொடங்கிய அதே வருடத்தில். 1937 ஜூலை 5 அன்று யெல்லோ கிராஸ், மிடேல் ஊர்களில் 45° செல்சியஸ். வெயிலில் வெந்த வயலை விட்டு மக்கள் வெளியேறிக்கொண்டிருந்தார்கள்.

1944-இல் டாமி டக்ளஸ் தலைமையில் வந்த அரசும், 1947 மருத்துவமனைக் காப்பீடும், 1962 ஜூலை 1 மருத்துவக் காப்பீடும், அதை எதிர்த்து 23 நாள் நடந்த மருத்துவர் வேலைநிறுத்தமும் பலருக்குத் தெரியும். பேசப்படாதது எழுபதுகள். பொட்டாஷ் உற்பத்தியையும் வரியையும் மாகாணம் கட்டுப்படுத்த முயன்றது. நிறுவனங்கள் வழக்குப் போட்டன. மாகாண முதல்வர் பிளேக்னியின் அரசு 1975-இல் சொந்தப் பொட்டாஷ் நிறுவனம் தொடங்கிச் சுரங்கங்களை வாங்கியது. எழுபதுகளின் இறுதியில் உச்ச நீதிமன்றம் எண்ணெய் வழக்கிலும் பொட்டாஷ் வழக்கிலும் மாகாணத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. விளைவு, 1982 அரசமைப்பில் 92A பிரிவு: புதுப்பிக்க இயலாத இயற்கை வளங்கள் மீது மாகாணங்களின் அதிகாரம் எழுத்தில் வந்தது. பிளேக்னி விடாமல் பிடித்து வாங்கியவற்றில் முக்கியமானது இது என்பேன்.

அந்த நிறுவனம் 1989-இல் தனியாருக்குப் போனது. 2010-இல் ஆஸ்திரேலியச் சுரங்க நிறுவனம் பி.ஹெச்.பி. அதை 38.6 பில்லியன் அமெரிக்க டாலருக்கு வாங்க வந்தபோது, வலதுசாரிக் கட்சியின் அன்றைய மாகாண முதல்வர் பிராட் வால்தான் எதிர்த்து நின்றார். ஒட்டாவா தடுத்தது. கட்சி எதுவானாலும் பொட்டாஷ் என்றால் அந்த ஊரில் ஒரே குரல்தான். 2018-இல் அது இன்னொன்றோடு இணைந்து நூட்ரியன் ஆனது.

பருப்புவயல், ஜனவரி 21

யுரேனியத்தை விட்டுவிட்டீர்கள். அதபாஸ்கா படுகையின் சிகார் லேக், சுமார் 450 மீட்டர் ஆழம். 2006 அக்டோபரில் வெள்ளம் புகுந்து, உற்பத்தி 2014-இல்தான் தொடங்கியது. அங்கேயும் நிலத்தை உறைய வைத்துத்தான் வேலை. தாது அவ்வளவு செறிவு என்பதால் ஆள் பக்கத்தில் போகக் கூடாது. கீழே பாறைக்குள்ளிருந்து உயர் அழுத்த நீரைப் பாய்ச்சித் தாதுவை வெட்டிக் குழம்பாக எடுக்கிறார்கள்.

குமரன், ஜனவரி 23

ஒரு குவார்ட்டர் நிலம் விலைக்கு வாங்கினால் அடியில் இருக்கும் பொட்டாஷ் எனக்கா?

வடதிசை, ஜனவரி 23

பெரும்பாலும் இல்லை. மேல்நிலத்துக்கும் கனிமத்துக்கும் தனித்தனிப் பட்டா. 1880-களின் கடைசிக்குப் பின் அரசு கொடுத்த குடியேற்ற நிலங்களில் கனிமம் அரசிடமே நின்றது. அதற்கு முன் கொடுத்தவை, ரயில்வேக்கும் பழைய மென்மயிர் வணிக நிறுவனமான ஹட்சன்ஸ் பே கம்பெனிக்கும் போனவை, இவற்றில்தான் தனியார் கனிம உரிமை வரலாம். முகவரியைப் பார்த்தே ஓரளவு ஊகிக்கலாம்: செக்‌ஷன் 8 முழுக்கவும், 26-இல் பெரும்பகுதியும் ஹட்சன்ஸ் பே பங்கு. 11-உம் 29-உம் பள்ளிக்கூட நிலம். மற்ற ஒற்றைப்படை எண்கள் பெரும்பாலும் ரயில்வேக்கு ஒதுக்கியவை. ஊகம் ஊகம்தான். மாகாண நிலப் பதிவில் மேற்பரப்புப் பட்டா, கனிமப் பட்டா இரண்டையும் தனித்தனியாகத் தேடிப் பார்க்க வேண்டும். கனிமப் பட்டா ஒரே குவார்ட்டருக்குப் பல பேர் பெயரில் பங்காகவும் இருக்கும், ஒரு கனிமத்துக்கு ஒருவர் என்றும் இருக்கும். நிலக்கரி ஒருவருக்கு, எண்ணெய் இன்னொருவருக்கு. உங்கள் நிலத்தில் எண்ணெய்க் கிணறு வந்தால் உங்களுக்குக் கிடைப்பது மேற்பரப்புக் குத்தகைப் பணம். ராயல்டி கனிமப் பட்டாக்காரருக்கு.